ஹெச்ஓ அளவில் மர ட்ரெஸில் பாலம்: கிட், குச்சிமரம், ஸ்டைரீன், 3டி அச்சு, எதில் கட்டுவது?

மாதிரி ரயில் லேஅவுட்டில் மர ட்ரெஸில் பாலம் வைக்க முடிவு செய்தவர்கள் முதலில் கேட்பது எந்த கிட் வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும்: பள்ளம் எவ்வளவு ஆழம், பாதை நேரா வளைவா, எத்தனை பென்ட் வரும். தண்டவாளத்துக்குக் குறுக்கே நின்று பாரத்தைத் தரைக்கு இறக்கும் ஒவ்வொரு மரச் சட்டமும் ஒரு பென்ட். ட்ரெஸில் பாலம் என்பதே வரிசையாக நிற்கும் பென்ட்களும் அவற்றின் மேல் ஓடும் உத்திரங்களும்தான். ஒரே சட்டத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை இது. ஆகவே எந்த முறை சிறந்தது என்ற கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி, ஒரே சாய்வை எட்டு முறை பிசகாமல் எடுக்க எது உதவும் என்பதுதான்.

ஒப்பிட வசதியாக ஒரே பாலத்தை வைத்துக்கொள்வோம். ஹெச்ஓ அளவு, அதாவது 1:87. நீளம் 45 செ.மீ. நடுப்பள்ளத்தில் பென்ட் கால்களின் உயரம் 18 செ.மீ. பாதை 61 செ.மீ. ஆரத்தில் வளைகிறது. வீட்டு லேஅவுட்களில் அதிகம் வரும் அளவு இது. அசலில் சுமார் 129 அடி நீளமும் 51 அடி உயரமும் ஆகும். கலிஃபோர்னியாவின் கரிஸோ பள்ளத்தாக்கில் 1933-இல் முடிந்த கோட் கேன்யன் பாலம் ஏறக்குறைய 186 அடி உயரம். அதை ஹெச்ஓவில் அப்படியே எடுத்தால் 65 செ.மீ. வந்துவிடும். கனடாவின் வான்கூவர் தீவில் 1920-இல் முடிந்த கின்சால் பாலம் 44 மீட்டர் உயரம், 187 மீட்டர் நீளம். அதன் மாதிரி அரை மீட்டர் உயரமும் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமும் பிடிக்கும். இவற்றின் படங்களைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பு. ஆனால் வீட்டு லேஅவுட்டுக்கு அளவெடுக்க ஏற்றவை நடுத்தர உயரப் பாலங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மைரா கேன்யனில் உள்ள கெட்டில் வேலி ரயில்வேயின் பாலங்கள் இன்று நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்திருப்பதால் மேல்தளத்தை மிக அருகில் நின்று பார்க்கலாம். 2003 காட்டுத்தீயில் அங்கிருந்த 16 மரப் பாலங்களில் 12 எரிந்து, பின்னர் திரும்பக் கட்டப்பட்டன.

பைலா, பிரேமா

பொருளைத் தேர்வதற்கு முன் பாலத்தின் வகையைத் தேர்ந்தாக வேண்டும். பைல் பாலத்தில் உருண்டை மரங்களை அப்படியே தரையில் அடித்து இறக்குவார்கள். கால்களின் கீழே படுக்கையாகக் கிடக்கும் அடிக்கட்டை கிடையாது. சதுப்பு, ஆற்று மணல், ஏரிக்கரை இதற்கான இடங்கள். உயரம் பொதுவாக 30 அடிக்குள் நின்றுவிடும், ஹெச்ஓவில் 10.5 செ.மீ. பிரேம் பாலத்தில் சதுரமாக அறுத்த மரங்களைச் சட்டமாகப் பூட்டி, அடிக்கட்டையோடு சேர்த்து அஸ்திவாரத்தில் நிறுத்துவார்கள். பாறைப் பள்ளத்தாக்கும் அதிக உயரமும் என்றால் இதுதான். நம் பாலம் 18 செ.மீ. என்பதால் பிரேம் வகை. பாறைச் சரிவில் உருண்டைக் கம்பம் முளைத்து நிற்பதையும், ஆற்றுச் சேற்றில் அடிக்கட்டை கிடப்பதையும் விஷயம் தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்கள். எவ்வளவு நேர்த்தியாகச் சாயம் ஏற்றினாலும் அந்தப் பிழை மறையாது.

உங்கள் பள்ளம் 10 செ.மீ.க்குள் இருந்தால் பைல் வகையே எளிது. 4 மி.மீ. உருளைக் குச்சி 13.7 அங்குல மரமாகும். அசலின் 12 முதல் 14 அங்குலத்துக்குள் வருகிறது. கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் 3 மி.மீ. மூங்கில் குச்சி 10.3 அங்குலம்தான், முக்கிய ரயில்பாதைக்கு மெலிவு, மரம் வெட்டும் காட்டுப் பாதைக்குச் சரி. மூங்கிலில் ஒரு சிக்கல் உண்டு. வழவழப்பான அதன் மேல்தோல் சாயத்தைக் குடிக்காது. 120 எண் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்த பிறகே சாயம் பிடிக்கும்.

எந்த முறையும் காப்பாற்ற வேண்டிய அளவுகள்

பென்ட் இடைவெளி அசலில் 14 முதல் 16 அடி. 45 செ.மீ.யை ஒன்பது கண்ணாகப் பிரித்தால் கண்ணுக்கு 50 மி.மீ., அதாவது 14 அடிக்குச் சற்றே மேல். நடுவில் எட்டு பென்ட், இரு கரையிலும் ஒவ்வொன்று. கால்களின் மேல் படுக்கையாக வரும் தலைக்கட்டை 12 அங்குலச் சதுரம், 14 அடி நீளம், ஹெச்ஓவில் 3.5 மி.மீ. சதுரம், 49 மி.மீ. நீளம். கால்கள் ஐந்து, அவையும் 3.5 மி.மீ. நடுக்கால் செங்குத்து. அதற்கு இருபுறமும் உள்ளவை அடிக்கு 1 அங்குலம் சாயும், 4.8 டிகிரி. வெளிக்கால்கள் அடிக்கு 2.5 அங்குலம், 11.8 டிகிரி. உத்திரங்கள் 8க்கு 16 அங்குலம், தண்டவாளம் ஒவ்வொன்றின் கீழும் மூன்று. மழைநீர் தங்கி மரம் உளுத்துப்போகாமல் இருக்க அவற்றுக்கிடையே சிறு இடைவெளி விடுவார்கள், மாதிரியில் 0.4 மி.மீ. அட்டைத் துண்டு வைத்து ஒட்டினால் போதும்.

இந்தச் சாய்வைத்தான் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 18 செ.மீ. உயரத்தில் வெளிக்கால் ஒவ்வொன்றும் 37.5 மி.மீ. வெளியே தள்ளிப் போகும். மேலே 49 மி.மீ. அகலத்தில் தொடங்கும் பென்ட் தரையில் 12 செ.மீ. அகலம் கேட்கும். பள்ளத்தின் அடிப்பகுதி அந்த அளவு விரிந்திருக்கிறதா, பக்கத்தில் இன்னொரு பாதையோ ஓடையோ குறுக்கிடுகிறதா என்று மரம் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இடம் போதவில்லை என்று சாய்வைக் குறைத்தால் பாலம் நிற்கும், ஆனால் ரயில் ஏறினால் சாய்ந்துவிடும் போலத் தோன்றும். அந்த இடத்தில் உயரத்தைக் குறைப்பதுதான் சரியான தீர்வு.

பல அடுக்குப் பாலங்களில் இன்னொரு ஒழுங்கும் உண்டு. அடுக்குகள் மேலிருந்து கீழாக எண்ணப்படும். மேல் அடுக்குகள் ஒரே உயரம். தரைக்கு ஏற்பக் கூடிக் குறைவது கடைசி அடுக்கு மட்டும். அடுக்குக்கு 60 மி.மீ. என்று வைத்தால், பென்ட்களை இணைக்கும் நெடுக்குக் கட்டைகள் பாலம் முழுக்க ஒரே மட்டத்தில் ஓடும். தரையிலிருந்து மேலே அடுக்கிக்கொண்டு போனால் இந்தக் கோடு பென்டுக்கு பென்ட் ஏறி இறங்கும். ஆறடி தள்ளி நின்றாலும் கண்ணை உறுத்தும் பிழை அது.

பிளாஸ்டிக் கிட்

அச்சில் வார்த்து வரும் பிளாஸ்டிக் கிட்டுக்கு ஒரு மாலை போதும். நேர் பாதை, ஐந்தாறு பென்ட், பின்வரிசையில் வைக்கும் பாலம் என்றால் இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நம் பாலத்துக்குப் பொருந்தாது. பென்ட் உயரங்கள் கிட் தயாரித்தவர் நினைத்த பள்ளத்துக்கானவை, மேல்தளமும் பெரும்பாலும் நேராக வரும். குறுக்குப் பட்டைகளும் கால்களும் ஒரே வார்ப்பாக இருப்பதால், பட்டை கால் மேல் படிந்து ஆணியடித்த தோற்றம் குறைவு. அச்சு விளிம்பில் நிற்கும் மெல்லிய பிசிறை ஒவ்வொரு கட்டையிலும் சுரண்டி எடுக்காவிட்டால் சாயம் ஏற்றியதும் அது வெள்ளைக் கோடாகத் தெரியும்.

மர கிட், லேசர் கிட்

அமெரிக்காவின் கேம்ப்பெல், கனடாவின் ஹன்டர்லைன் போன்றவற்றின் மர கிட்களில் அளவு பார்த்து அறுத்த மரக்கீற்றுகளும் முழு அளவு வரைபடமும் வரும். கிட் என்று சொன்னாலும் வேலையில் முக்கால் பங்கு நம்முடையதே. காசு கொடுத்து வாங்குவது மரத்தை விட அந்த வரைபடத்தையும், எது எங்கே என்று யோசிக்கும் நேரத்தையும்தான். முதல் பாலம் கட்டுபவருக்கு அது நியாயமான விலை. ஒரே நிபந்தனை, கிட்டின் ஆரமும் உயரமும் உங்கள் இடத்துக்கு ஒத்துவர வேண்டும். 45 செ.மீ. ஆரத்துக்கு வந்த மேல்தளத்தை 61-க்கு நிமிர்த்தப் பார்ப்பதை விடப் புதிதாகவே கட்டிவிடலாம்.

லேசரில் வெட்டிய கிட் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கட்டைகள் தனித்தனியாக வெட்டப்பட்டவையா, அல்லது முழு பென்டும் ஒரே பலகையில் வெட்டப்பட்டதா? ஒரே பலகை என்றால் மரத்தின் நார் ஒரு திசையில்தான் ஓடும். கால்களுக்கு அது நீளவாக்கில் சரியாக இருக்கும். தலைக்கட்டையில் குறுக்காக ஓடும். பார்வைக்குத் தவறு என்பதோடு கையில் எடுத்ததும் அங்கேதான் ஒடியும். எல்லாம் ஒரே தளத்தில் இருப்பதால் நிழலும் விழாது. தனித்தனிக் கட்டைகளாக வரும் லேசர் கிட் நல்ல தேர்வு; துல்லியம் கைவேலைக்கு எட்டாத அளவில் இருக்கும். லேசர் கருக்கிய விளிம்புகளை மட்டும் 320 எண் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். கருகல் இருந்தால் பசையும் சரியாகப் பிடிக்காது, சாயமும் ஏறாது.

குச்சிமரமும் ஜிக்கும்

எட்டு பென்ட், வளைவு, சீரற்ற தரை: மூன்றும் சேர்ந்தால் மரக்கீற்று வாங்கி ஜிக் (கட்டைகளை ஒரே கோணத்தில் பிடித்து நிறுத்தும் அச்சுப்பலகை) வைத்துக் கட்டுவதே மற்ற எல்லாவற்றையும் விட முந்துகிறது. காரணம், சாய்வு மேலிருந்து தொடங்குவதால் மிக உயரமான பென்டுக்குச் செய்த ஒரே ஜிக் எல்லா பென்டுக்கும் போதும். குட்டை பென்ட் என்பது அதே பென்டின் மேல்பகுதிதான். கீழே எங்கே அறுக்கிறோம் என்பது மட்டும் மாறும். இந்த ஒரு உண்மைதான் பார்க்கப் பெரிதாகத் தெரியும் வேலையைக் கைக்கு அடக்கமாக்குகிறது.

மரம் பாஸ்வுட் என்ற மென்மரமாக இருக்கட்டும். நார் நெருக்கமாக இருப்பதால் 1:87 அளவில் ரேகை பெரிதாகத் தெரியாது. ஹெச்ஓ அளவுக்கென்றே அறுத்த கீற்றுகள் கிடைக்கின்றன. எளிதில் கிடைக்கிறது என்பதற்காகப் பால்சா வாங்க வேண்டாம். விரலால் அழுத்தினாலே பள்ளம் விழும், அறுத்த முனை பஞ்சாகப் பிரியும், சாயத்தை உறிஞ்சித் திட்டுத்திட்டாகக் கறுக்கும்.

நம் பாலத்துக்கான கணக்கு: சராசரி பென்ட் உயரம் 12 செ.மீ. என்று வைத்தால் கால், தலைக்கட்டை, அடிக்கட்டைக்கு 3.5 மி.மீ. சதுரக் கீற்று சுமார் 6 மீட்டர். உத்திரத்துக்கு 2.3க்கு 4.7 மி.மீ. கீற்று 2.7 மீட்டர். சாய்வாகவும் கிடையாகவும் வரும் பட்டைகளுக்கு 3க்கு 10 அங்குல மரம், அதாவது 0.9க்கு 2.9 மி.மீ., 4 மீட்டர். நெடுக்குக் கட்டைக்கு 6க்கு 8 அங்குலம், 2 மீட்டர். கரையோர பென்ட்கள் இரண்டும் குட்டையானவை. அவற்றுக்கு அரை மீட்டர் போதும். எல்லாவற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். ஒரு கட்டுக்குள் சில கீற்றுகள் வளைந்தோ நார் ஓடிப்போயோ வருவது சகஜம். அவற்றைக் காலுக்குப் பயன்படுத்தாமல் குட்டைத் துண்டுகளுக்கு ஒதுக்கலாம்.

ஜிக் செய்ய 6 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் முழு அளவு வரைபடத்தை ஒட்டி, கால்களின் இருபுறமும் நிறுத்துக்கட்டைகளை ஒட்டவும். மேலே மெழுகுத்தாள் போட்டால் பென்ட் ஜிக்கோடு ஒட்டிக்கொள்ளாது. தலைக்கட்டையை முதலில் வைத்து, ஐந்து கால்களின் மேல்முனையை அவற்றின் கோணத்தில் அறுத்துப் பொருத்த வேண்டும். கீழ்முனைகளை நீளமாகவே விட்டுவிடலாம். பசை காய்ந்தபின் அடிக்கட்டை வரும் கோட்டில் ஐந்தையும் சேர்த்து ஒரே இழுப்பில் ரம்பத்தால் அறுத்தால் எல்லா முனையும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஐந்து கால்களையும் ஒரே நீளத்தில் முன்கூட்டியே அறுத்து வைப்பதுதான் பரவலான தவறு. 180 மி.மீ. உயரத்தில் சாய்ந்த வெளிக்கால் 184 மி.மீ. இருந்தாக வேண்டும். நான்கு மி.மீ. குறைந்தால் அது அடிக்கட்டையைத் தொடாது, இழுத்து ஒட்டினால் சட்டமே முறுக்கிக்கொள்ளும்.

அறுப்பதற்கு மெல்லிய பல் ரம்பமும் கோணப்பெட்டியும் வேண்டும். பிளேடை அழுத்தி வெட்டும் கருவிகள் 1 மி.மீ. பட்டைக்கு மிக நன்றாக வேலை செய்யும். 3.5 மி.மீ. கட்டையில் பிளேடு ஆப்பு போல நுழைந்து ஒரு பக்கம் சரியும்; முனை சதுரமாக இருக்காது. பட்டைகளை ஜிக்கிலிருந்து எடுத்த பிறகு ஒட்டலாம்: ஒரு முகத்தில் ஒரு சாய்பட்டை, மறுமுகத்தில் எதிர்த்திசையில் இன்னொன்று. இரண்டையும் ஒரே முகத்தில் ஒட்டினால் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அசலில் எங்கும் காணாத முடிச்சு உருவாகும்.

பசைக்கு மரவேலைக்கான பிவிஏ போதும். குச்சிமுனையால் தொட்டு வைக்கிற அளவு. சூப்பர் க்ளூ வேகமாகப் பிடிக்கும், ஆனால் பக்கவாட்டு அதிர்ச்சியில் சட்டென்று விட்டுவிடும். சாயமேற்றிய மரத்தைச் சுற்றி வெண்புகை படிந்த கறையையும் விடும்.

வளைவு மரத்தில் எளிது என்று சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. அசல் பாலங்களில் உத்திரங்கள் வளைவதில்லை. பென்டுக்கு பென்ட் நேராக ஓடும், தண்டவாளம் மட்டுமே வளையும். 61 செ.மீ. ஆரத்தில் 50 மி.மீ. கண்ணில் நேர் உத்திரத்துக்கும் வளைவுக்கும் இடையிலான விலகல் நடுவில் அரை மி.மீ. மட்டும், ஸ்லீப்பர் கட்டை அதை மறைத்துவிடும். அசலில் உத்திரம் இரண்டு கண் நீளம் போடுவது வழக்கம். அதையே இங்கே செய்தால் விலகல் 2 மி.மீ. ஆகிவிடும், தண்டவாளம் உத்திரத்தை விட்டு நகர்ந்து நிற்கும். நம் வளைவுகள் அசலை விட மிகக் கடுமையானவை என்பதால் ஒரு கண் நீள உத்திரமே இங்கு சரி. பென்ட்களை வளைவின் மையத்தை நோக்கி நிறுத்த வேண்டும். அப்போது உள்வளைவு உத்திரம் 49.3, வெளிவளைவு 50.7 மி.மீ. வரும். இரண்டையும் 50 என்று அறுத்துவிட்டால் ஒரு பக்கம் முட்டும், மறுபக்கம் இடைவெளி விழும்.

ஸ்டைரீன்

மரத்தோடு நேருக்கு நேர் போட்டியிடக்கூடியது ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் கீற்று ஒன்றுதான். எவர்கிரீன் நிறுவனம் ஹெச்ஓ அளவிலேயே கீற்றுகள் தருகிறது. டமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற கரைப்பான் பசையை இணைப்பில் தொட்டால் தானே உள்ளே ஓடிச் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். ஜிக்கில் காத்திருக்கும் நேரம் மிச்சம். ஈரப்பதத்துக்கு அசைந்து கொடுக்காது. கீறி மடித்தாலே நேராக ஒடியும்.

விலை கொடுப்பது மேற்பரப்பில். ஒவ்வொரு கீற்றின் நான்கு முகத்தையும் 60 அல்லது 80 எண் உப்புத்தாளில் நீளவாக்கில் இழுத்து நார் உண்டாக்க வேண்டும். பிறகு வெளிர்மண் நிற அடிப்பூச்சு, அதன்மேல் நீர்த்த கருப்பு, பழுப்பு. 15 மீட்டருக்கு மேல் கீற்றில் இந்த வேலையை ஒரே கவனத்தோடு செய்வது சோர்வைத் தரும். சோர்ந்த இடத்தில் பாலம் பிளாஸ்டிக்காகத் தெரியும். மெல்லிய நீண்ட கீற்றை இழுத்துப்பிடித்து ஒட்டினால் மாதக்கணக்கில் மெதுவாக வளையும். வெயில் நேராக விழும் ஜன்னலோரமும் ஆகாது.

1:160 ஆன ‘என்’ (N) அளவில் தராசு ஸ்டைரீன் பக்கம் சாய்கிறது. அங்கே 3க்கு 10 அங்குலப் பட்டை 0.5க்கு 1.6 மி.மீ. அந்தத் தடிமனில் மரம் கையிலேயே பிளக்கும். நார் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அளவுக்குப் பெரிதாகத் தெரியும். ‘என்’ அளவில் கட்டுபவர்கள் கால்களை மரத்திலும் பட்டைகளை ஸ்டைரீனிலும் கலந்து செய்வதில் தவறில்லை, ஆனால் மரத்துக்கும் சாயத்துக்குப் பதிலாகப் பெயின்ட்தான் அடிக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒரே நிறத்துக்கு வராது.

3டி அச்சு

பென்டை ஒருமுறை வரைந்துவிட்டால் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், போல்ட் தலை வரை சேர்த்தே வரும் என்பது கவர்ச்சிதான். உருகிய இழையால் அச்சிடும் இயந்திரத்தில் 0.2 மி.மீ. அடுக்குக் கோடுகள் 3.5 மி.மீ. கட்டையில் அப்பட்டமாகத் தெரியும், அதுவும் நாருக்குக் குறுக்கே ஓடினால் மரம் என்றே நம்ப முடியாது. ரெசின் அச்சில் நுணுக்கம் அபாரம். 18 செ.மீ. உயரமும் 12 செ.மீ. அகலமும் உள்ள பென்ட் சிறிய ரெசின் இயந்திரங்களின் தட்டில் அடங்காது. துண்டாக்கி ஒட்ட வேண்டும். மெலிந்த நீண்ட கால்கள் ஒளியில் இறுகும்போது கோணிக்கொள்ளும், கீழே விழுந்தால் ஒடியும். 10 செ.மீ.க்குள் அடங்கும் பைல் பாலத்துக்கும், தண்ணீர்ப் பீப்பாய் மேடை, பணியாளர் ஒதுங்கும் மேடை போன்ற உதிரிகளுக்கும் ரெசின் அச்சு சிறப்பாக இருக்கும்.

மேல்தளம் தனி முடிவு

கீழே எந்தப் பொருளைத் தேர்ந்தாலும் மேல்தளத்தைத் தனியாகவே யோசிக்க வேண்டும். வளைத்துப் போடக்கூடிய சாதாரண ஃப்ளெக்ஸ் தண்டவாளத்தை அப்படியே உத்திரத்தின் மேல் ஒட்டுவது பாலத்தின் மதிப்பைக் கெடுக்கும். அதில் ஸ்லீப்பர் கட்டை எட்டரை அடி நீளம், நடுவுக்கு நடு சுமார் 20 அங்குலம். ஜல்லிப் பாதைக்கான அளவு அது. திறந்த பாலத்தில் கட்டைகள் 10 அடி நீளமும் 8 அங்குலச் சதுரமும் கொண்டவை, நெருக்கமாக 14 அங்குலத்துக்கு ஒன்று வரும். தடம்புரண்ட சக்கரம் கட்டைகளின் இடைவெளியில் விழாமல் இருக்க அந்த நெருக்கம்.

இதற்கு இரண்டு வழி. மைக்ரோ எஞ்சினியரிங் பாலத்துக்கென்றே தயாரிக்கும் ஃப்ளெக்ஸ் தண்டவாளத்தில் கட்டைகள் நெருக்கமாகவே வரும். வளைத்து வைத்துப் பெயின்ட் அடித்தால் முடிந்தது. இல்லையென்றால் 2.3 மி.மீ. சதுரக் கீற்றில் 35 மி.மீ. துண்டுகள் 110 அறுத்து, கோட் 70 (0.070 அங்குல உயரம்) தண்டவாளத்தைக் கையால் ஆணியடித்து நிறுத்தலாம். ஆணிக்கு முன் 0.5 மி.மீ. துளை போடாவிட்டால் கட்டை பிளக்கும். நான்கு கட்டைக்கு ஒரு முறை ஆணியடித்தால் பிடிப்புக்குப் போதும், என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாதிரி ரயில் சங்கம்) அளவுகோலை ஒவ்வோர் ஆணியிலும் வைத்து 16.5 மி.மீ. அகலத்தைச் சரிபார்க்க வேண்டும். கையால் போட்ட மேல்தளம் மரப் பாலத்தில் தரும் அழகுக்கு ஈடில்லை. ஆயினும் முதல் பாலத்தில் பென்ட்களை மரத்தில் கட்டி, மேலே தயார்நிலைப் பாலத் தண்டவாளம் வைப்பதைப் பரிந்துரைக்கிறோம். ரயில் தடம்புரளாமல் ஓடுவது மேல்தளத்தைப் பொறுத்தது, அழகு பெரும்பாலும் பென்ட்களில் இருக்கிறது.

தடம்புரண்ட சக்கரத்தைப் பாலத்திலேயே பிடித்து வைக்க உள்ளே போடும் இரு காப்புத் தண்டவாளங்கள் கோட் 55-இல் இருந்தால் தண்டவாளம் துடைக்கும்போது தட்டாது. அவற்றுக்கு மின்சாரம் போகக் கூடாது. முக்கியத் தண்டவாளத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி வைத்தால் சக்கர விளிம்பு உரசாது. இரண்டும் பாலத்துக்கு வெளியே கூராகச் சேருமிடத்தில் உலோகச் சக்கரம் பட்டு ஷார்ட் ஆகாமல் இருக்க, அங்கே ஒன்றையொன்று தொடாதபடி மயிரிழை விட்டு நிறுத்துங்கள்.

சாயமும் போல்ட்டும்

மரத்துக்குச் சாயம் ஒட்டுவதற்கு முன்பே ஏற்ற வேண்டும். பசை படிந்த இடம் சாயத்தைக் குடிக்காது, வெளுத்த புள்ளியாக நிற்கும். அரை லிட்டர் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இரண்டு டீஸ்பூன் இந்தியா இங்க் (கறுப்பு வரைமை) கலந்தால் வெயில் மழையில் நரைத்த மரத்தின் சாம்பல் நிறம் கிடைக்கும். அமெரிக்க மேற்குக் கரையின் எண்ணெய் ஏற்றாத ரெட்வுட், சீடார் பாலங்களுக்கு இதுவே போதும். மரம் உளுக்காமல் காக்கும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றிய பாலத்துக்கு அதே கலவையில் தோல் பொருட்களுக்கான கரும்பழுப்புச் சாயம் சேர்க்கலாம். 99 சதவீத ஆல்கஹாலாக இருந்தால் நல்லது. 70 சதவீதத்தில் உள்ள தண்ணீர் நாரைக் கிளப்பி மெல்லிய பட்டைகளை வளைக்கும். கீற்றுகளைக் குழாயில் முழுதாக மூழ்கவைத்து எடுத்து, எல்லாப் பக்கமும் காற்றுப்படும்படி கம்பி வலையில் காயவைப்பது வளைவைத் தடுக்கும். எல்லாக் கீற்றையும் ஒரே நேரம் ஊறவிட வேண்டாம். சில அரை நிமிடம், சில மூன்று நிமிடம். அசல் பாலத்தில் அவ்வப்போது மாற்றிய கட்டைகள் நிறம் வேறாகத்தான் நிற்கும்.

பட்டையும் காலும் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு போல்ட். ஒரு முகத்தில் நட் தெரிந்தால் மறுமுகத்தில் தலை தெரியும். இரண்டடுக்கு பென்டில் பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் சாய்பட்டைகளால் 20 வரும். எட்டு பென்டுக்கு 160. டிக்கி நிறுவனத்தின் வார்ப்புகளை 0.5 அல்லது 0.6 மி.மீ. துளையில் செருகலாம், துளை அளவை உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். பாலம் கண்ணிலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் இருக்கும் என்றால் இதை விட்டுவிடலாம், யாருக்கும் குறை தெரியாது. லேஅவுட் விளிம்பில் இருந்தால் விடக் கூடாது.

எந்த இடத்துக்கு எது

பின்வரிசை, நேர்பாதை, ஐந்தாறு பென்ட்: பிளாஸ்டிக் கிட். முதல் பாலம், இடத்தோடு ஒத்துவரும் அளவு கிடைக்கிறது: மர கிட் அல்லது தனித்தனிக் கட்டைகளாக வரும் லேசர் கிட். வளைவு, எட்டு பென்டோ அதற்கு மேலோ, விளிம்பில் நிற்கும் பாலம்: பாஸ்வுட்டும் ஜிக்கும், வேறு யோசனை வேண்டாம். ஈரம் அதிகமாக ஏறி இறங்கும் அறை, அல்லது ‘என்’ (N) அளவு: ஸ்டைரீன்.

எதைத் தேர்ந்தாலும் நிறுத்தும் வரிசை ஒன்றே. பள்ளத்தின் மேல் மேல்தளத்தைத் தற்காலிகத் தாங்குகளில் சரியான உயரத்தில் முதலில் நிறுத்த வேண்டும். தண்டவாள அடியிலிருந்து தலைக்கட்டையின் மேல்முகம் 7 மி.மீ. கீழே இருக்கும், ஸ்லீப்பர் கட்டை 2.3, உத்திரம் 4.7. அங்கிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரைவரை அளந்து பென்டை அறுத்து, மேலே ஒட்டித் தொங்கவிட்டு, கடைசியில் அடிக்கட்டையின் கீழ் அஸ்திவாரத்தையும் மண்ணையும் ஏற்றிக் கொடுக்கலாம். தரையிலிருந்து பென்ட்களை நிறுத்தி மேலே பாதை போட்டால் ஒவ்வொன்றிலும் விழும் அரை மி.மீ. பிழை சேர்ந்து தண்டவாளம் அலை அலையாகிவிடும். பாலத்தின் இரு முனையிலும் தண்டவாள இணைப்பைப் பாலத்தின் மேல் வராமல் கரையில் 5 செ.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். பருவம் மாறும்போது மேசைப் பலகைகள் அசைவது அங்கேதான் தெரியும். அந்த இணைப்பை மட்டும் சால்டர் வைக்காமல் விட்டு, தனிக் கம்பியில் மின்சாரம் கொடுத்தால் போதும்.